வெள்ளவத்தைக்குப் போன உருண்டை

மேபல் அக்காவின் இரண்டு கைகளுக்கும் வேலை இருந்தது. புண்ணுக்குக் கட்ட நான் வாங்கி வைத்திருந்த கோஸ் துணியால், மடியில் கிடந்த கறுப்பு உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கை துடைக்க, இடது கைப் பெருவிரல் உருண்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டேயிருந்தது. மேசையில் குரக்கன் கஞ்சி ஆறி ஆடை பிடித்திருந்தது. பிரஷர் மாத்திரை அதற்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

"அக்கா, அந்தத் துணி புண்ணு கட்டுறதுக்கு."

"எனக்கு இப்ப புண் இல்லையே."

"கஞ்சி ஆறுது."

"ஆறட்டும். சனிக்கிழமைக்கு முதல் இந்தக் கறை போகோணும்."

சனிக்கிழமை, சனிக்கிழமை. இரண்டு வாரமாக அந்த வீட்டில் வேறு கிழமையே இருக்கவில்லை. கறுவாத்தோட்டப் பக்கம் இருக்கும் கழகத்தில் வருடத்துக்கு ஒருமுறை பழைய சாம்பியன்கள் எல்லாரும் சேர்ந்து ஆடுவார்கள். மேபல் அக்கா அதில் ஒரு வருடமும் தவறியதில்லை. இந்த முறையும் போவேன் என்று நின்றார். இடுப்பில் உலோக மூட்டு வைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. குனியக் கூடாது, தாழ்ந்த கதிரையில் இருக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த விளையாட்டோ குனியாமல் விளையாட முடியாதது. மூட்டு கழன்றால் அடுத்தது படுக்கைதான். பராமரிப்புப் படிப்புப் படித்தவள் நான். அந்தப் படுக்கை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்டால்தானே.

அந்த விளையாட்டை இங்கே பலர் பார்த்தே இருக்கமாட்டார்கள். மட்டமாக வெட்டிய புல்தரை. தூரத்தில் வெள்ளையாக ஒரு குட்டிப் பந்து. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் உருண்டைகளைக் குனிந்து தரையோடு உருட்டி, அந்த வெள்ளைக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். இவ்வளவுதான். ஆனால் உருண்டை நேராகப் போகாது. அதன் ஒரு பக்கத்தில் பெரிய வட்டம், மறு பக்கத்தில் சின்ன வட்டம் செதுக்கியிருக்கும். வேகம் குறையக் குறைய, சின்ன வட்டம் இருக்கும் பக்கமாக வளையும். பக்கத்தை மாற்றிப் பிடித்துவிட்டால், உருண்டை வெள்ளையை விட்டு விலகி, பக்கத்தில் ஆடுகிறவர்களின் காலடிக்குப் போய்விடும். கற்றுக்குட்டிகள் செய்யும் பிழை அது. அக்காவின் இடது பெருவிரல் எந்நேரமும் தேடுவது அந்தச் சின்ன வட்டத்தைத்தான். ஜெபமாலை உருட்டும்போதுகூட அந்த விரல் அப்படித்தான் போகும்.

அவர் பிறந்தது கொட்டாஞ்சேனையில். தகப்பன் துறைமுகத்தில் எழுதுவினைஞர். மேபல் அக்கா தட்டெழுத்துப் படித்து, கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். பெரிய மனேஜரின் மனைவி அந்தக் கழகத்தில் ஆடுகிறவர். ஒருநாள் பின்னேரம் அந்த அம்மாவிடம் ஏதோ கடதாசி கொடுத்துவிட்டு வா என்று மேபல் அக்காவை அனுப்பினார்கள். அன்றைக்கு ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைவு. "நீ வந்து சும்மா உருட்டு" என்று இவரைக் கூப்பிட்டார்கள். இவர் செருப்பைக் கழற்றி, சாரித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உருட்டினார். உருண்டை ஒரு பக்கமாகப் போய், வளைந்து திரும்பி, வெள்ளையைத் தொட்டு நின்றது. எல்லாரும் கை தட்ட, இவர் கேட்டாராம்: "இது ஏன் நேராப் போகேல்ல? பழுதா?"

அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் கூப்பிடாமலே போனார்.

பிறெடியைக் கட்டியபோது, மெல்பேணுக்குக் குடிபோன ஒரு பறங்கிக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றது. கட்டில், பியானோ, சமையல் சட்டிகளோடு நான்கு கறுப்பு உருண்டைகளும் இருந்தன. பிறெடி கட்டில் வாங்கப் போனவர். மேபல் அக்கா உருண்டைகளை வாங்கிக்கொண்டு வந்தார். கொஞ்சக் காலம் பாயில்தான் படுத்தார்களாம். "என்ர நாலு சக்களத்தியள்" என்று பிறெடி அவற்றுக்குப் பெயர் வைத்து, அந்தோனியார் படத்துக்குக் கீழே ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். கொட்டாஞ்சேனைச் சனம் இவருக்கு 'உருண்டை மேபல்' என்று பெயர் வைத்தது.

பெண்களுக்கான ஒற்றையர் கிண்ணத்தை வருடக்கணக்காக இவர்தான் வைத்திருந்தார். இரட்டையருக்கு ரபீக்காவோடு ஜோடி. ரபீக்கா தெமட்டகொடையில் தையல்கடை வைத்திருந்தவர். மேபல் அக்காவைப் போலவே வாய். கோலாலம்பூருக்கு ஒருமுறை போய் நான்காவதாக வந்தார்கள். அந்தச் செய்தியைப் போட்ட தமிழ்ப் பத்திரிகை, கிரிக்கெட் என்று நினைத்து, 'பந்துவீச்சில் சாதித்த மங்கை' என்று எழுதிவிட்டது. கோயிலில் ஃபாதர் பிரசங்கத்துக்கு நடுவில் வாழ்த்திவிட்டு, பூசை முடிந்து வாசலில் நின்று, "எத்தனை விக்கெட் மேபல்?" என்று கேட்டாராம். பால்காரன் இறக்கும்வரை இவரை வேகப்பந்தா சுழலா என்று கேட்டுக்கொண்டிருந்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குப் புதிதாகக் கோபம் வரும். எனக்கு அந்தக் கதை மனப்பாடம்.

இன்னொன்றும் மனப்பாடம். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில், தமிழ்ப் பெண் ஒருத்தி பையில் நான்கு கறுப்பு உருண்டைகளோடு கொழும்பில் நடமாடினால் என்ன நடக்கும்? ஆமர் வீதிச் சந்தியில் பையைத் திறந்த ஆமிக்காரன் இரண்டடி பின்னால் பாய்ந்தான். கூடப் போன பிறெடி இரண்டு கைகளையும் தூக்கினார். இவர் மட்டும் நிதானமாக, "செல்லம் கரன போல, மஹத்தயா" என்றார். விளையாடுகிற பந்துதான் ஐயா என்று சிங்களத்தில் சொன்னது அவனுக்குப் போதவில்லை. அதனால் நடுவீதியில் குனிந்து ஒன்றை உருட்டிக் காட்டினார். அது வளைந்து போய் மண்மூட்டையில் முட்டியது. "ஆயெத்" என்றான் அவன், திரும்பவும் என்று. பிறகு தானே ஒன்றை வாங்கி உருட்டினான். அது எதிர்ப்பக்கம் வளைந்து வீதியோரக் கானுக்குள் விழுந்தது. மேபல் அக்கா துவக்குக்கும் பயப்படாமல் சத்தமாகச் சொன்னார்:

"வெள்ளவத்தை!"

அந்தச் சொல் இவருடையது. கழகத்தில் யாராவது பக்கம் மாற்றி உருட்டினால், கொட்டாஞ்சேனைக்குப் போக பஸ் ஏறி, கொழும்பின் மறுகோடியில் இருக்கும் வெள்ளவத்தையில் இறங்கிய ஆள் என்பார். நாளடைவில் சுருங்கி 'வெள்ளவத்தை' என்று மட்டும் ஆகிவிட்டது. உருண்டை தவறான பக்கம் திரும்பத் தொடங்கியதுமே இவர் குரல் கேட்கும். சிங்களவர், பறங்கியர், மலாய்க்காரர் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கழகச் செயலாளர் கிளறன்ஸ்தான் அதிகம் வாங்கினவர். ஒரு கிறிஸ்மஸ் விருந்தில் அவருக்கு வெள்ளவத்தைக்கு ஒரு பஸ் டிக்கெட்டைப் பரிசாகக் கொடுத்தாராம். இவர் மட்டும் ஒருநாளும் பக்கம் மாற்றியதில்லை. அதை அவரே சொல்லுவார். காலையிலும் சொல்லுவார், பின்னேரமும் சொல்லுவார்.

பிறெடி இறந்த பிறகு, மெல்பேணில் இருக்கும் மகன் றொஹான் கொட்டாஞ்சேனை வீட்டை விற்று, லிஃப்ட் இருக்கும் தொடர்மாடி ஒன்றில் இவருக்கு வீடு வாங்கினான். எங்கே என்றால், வெள்ளவத்தையில். கடற்கரைப் பக்கம், நல்ல காற்று. அக்கா முதல்நாள் ஜன்னலில் நின்று, "ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிக் கடைசியில நானே வந்து இறங்கியிருக்கிறன்" என்றாராம்.

சும்மா இருந்தாரா? வீட்டு நடையில் கம்பளத்தை விரித்துப் பழகினார். ஒன்று வளைந்து கட்டிலுக்குக் கீழே போக, அதை எடுக்கக் குனிந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம் கோயில் படியில் வழுக்கியது என்று சொன்னார். பாவம், கன்னியாஸ்திரிகள் அதை நம்பிப் படிக்குக் கைப்பிடி போடக் காசு சேர்த்தார்கள். அந்த நேரத்தில்தான் றொஹான் என்னை வேலைக்கு வைத்தான்.

குனிய முடியாதவர்களுக்கென்று ஒரு தடி இருக்கிறது. நுனியில் கவ்வி, பிடியில் ஒரு விசை. உருண்டையைக் கவ்விக்கொண்டு, நின்றபடியே கையை வீசி விசையை விட்டால் அது தரையில் உருளும். போட்டிகளிலும் அதற்கு அனுமதி உண்டு. றொஹான் மெல்பேணிலிருந்து ஒன்று வாங்கி அனுப்பினான். அது வந்த நாளிலிருந்து அக்கா அதை எல்லாவற்றுக்கும் பாவித்தார், விளையாட்டைத் தவிர. திரைச்சீலையை இழுக்க அதுதான். பல்கனியில் காகம் விரட்ட அதுதான். முக்கியமாகத் தேங்காய். குசினி மூலையில் கூடையில் கிடக்கும் உரித்த தேங்காயை, கதிரையில் இருந்தபடியே கவ்வித் தூக்கி என் கையில் தருவார். கவ்வி அந்த அளவுக்குச் சரியாக இருந்தது.

"தேங்காய் தூக்கிற தடியால நான் போய் விளையாடுறதா?" என்றார் றொஹானிடம், போனில் அவன் முகத்தைப் பார்த்து.

"அம்மா, இங்க எங்கட ஏரியா சாம்பியனே அதாலதான் போடுறார்."

"அங்க கங்காருவும் போடும்."

"தடியோட எண்டா போங்கோ. இல்லாட்டி வீட்டில இருங்கோ. பழனியம்மா, நீங்க சொல்லுங்கோ."

நான் சொன்னேன். "குனிஞ்சீங்கன்னா அன்னைக்கே என் பையத் தூக்கிட்டுப் போயிருவேன். விழுந்ததுக்கப்புறம் தூக்க என்னக் கூப்பிடாதீங்க."

"போ. போய் பஸ் ஏறு."

"ஏறுவேன்."

"அதுக்கு முதல் கஞ்சியச் சூடாக்கித் தா."

இப்படித்தான் சனிக்கிழமை வந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை, தட்டையான வெள்ளைச் சப்பாத்து. த்ரீவீலில் உருண்டைப் பை அவர் மடியில், தடி என் மடியில். அதைக் கொண்டுவந்ததே றொஹானுக்குப் படம் எடுத்து அனுப்பத்தான் என்று தும்முல்லைச் சந்தியில் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், த்ரீவீல்காரரைத் திருப்பச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் ஏற்கெனவே அக்காவிடம் விக்கெட் விபரம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

கழகத்தில் நல்ல கூட்டம். ரபீக்கா முழங்கால் இரண்டிலும் பட்டி கட்டியிருந்தார். எதிர் ஜோடியில் கிளறன்ஸ். நான் நான்கு உருண்டைகளையும் ஒரு கதிரையில் வரிசையாக வைத்துவிட்டுத் தடியை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. உருட்டுகிறவர் நிற்கும் சின்னப் பாயில் கால் வைத்து, ஒரு உருண்டையைக் கையில் எடுத்து, பெருவிரலால் வட்டத்தைத் தேடிப் பிடித்து, முழங்காலை மடிக்கத் தொடங்கினார். நான் அவருடைய பாவாடைப் பட்டியைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"விடு பழனி."

"விடமாட்டேன்."

"சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

ரபீக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "உட்டுடுங்கொ அவள. குனி புள்ள, நல்லாக் குனி. மலர்வளையத்துக்கு நான் சொல்லி வெச்சிட்டன். செவ்வந்தி போதுமா, ரோசாவா?"

"வாய மூடு ரபீக்கா."

"எனக்கி ஜோடி வேணும். மையித்தோட நான் வெளயாடுறல்ல. தடிய எடு, இல்லாட்டி ஊட்டுக்குப் போ."

மேபல் அக்கா நிமிர்ந்தார். முகம் சிவந்து போயிருந்தது. கையில் இருந்த உருண்டையைக் கதிரையில் போட்டார். என் கையிலிருந்து தடியைப் பறித்தார். பறித்த வேகத்திலேயே, குசினியில் தேங்காய் தூக்குவதைப் போல, கதிரையில் கிடந்த ஒன்றைக் கவ்வித் தூக்கினார். கையால் தொடவேயில்லை. வலது கண்ணில் புரை. ஒப்பரேஷன் செய்யச் சொல்லி றொஹான் இரண்டு வருடமாகக் கெஞ்சியும், "கண் இருக்கிறது பெருவிரலில" என்று மறுத்து வந்தவர். தேங்காய்க்குப் பக்கம் கிடையாது. எப்படித் தூக்கினாலும் தேங்காய்தான். உருண்டைக்குப் பக்கம் உண்டு.

வீச்சு அழகாகத்தான் இருந்தது. விசையை விட்ட நேரமும் சரி. உருண்டை சத்தமில்லாமல் தரையிறங்கி, நல்ல வேகத்தோடு போனது. பாதித் தூரம் போனதும் வளையத் தொடங்கியது. மற்றப் பக்கமாக.

அது வெள்ளையை விட்டு விலகி விலகி, எல்லைக் கயிற்றைத் தாண்டி, பக்கத்து ஆட்டத்துக்குள் புகுந்து, ஒரு டொக்டர் ஐயாவின் சப்பாத்தில் முட்டி நின்றது.

இவ்வளவு வருடமாக வாங்கிக் கட்டியவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். ரபீக்காகூட முழங்கால் பட்டியைச் சரிசெய்யத் தொடங்கினார். கிளறன்ஸ் மெதுவாக நடந்து வந்து, நோயாளியிடம் கதைக்கும் குரலில், "பரவாயில்ல மேபல். இன்னொருக்காப் போடுங்கோ. அத நாங்க எண்ணமாட்டம்" என்றார்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மூட்டு மாற்றிய அன்றுகூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை. தடியைக் கீழே போடப் போகிறார், போட்டால் இனி எடுக்கமாட்டார் என்று தெரிந்தது. ஆறு மாதமாக என்னை அரைத்து எடுத்தவர். சாவடிக் கதை, பஸ் டிக்கெட் கதை, ஒருநாளும் பக்கம் மாற்றாத கதை. இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்தது, இவர்கள் எல்லாரும் சாவு வீட்டில் நிற்பது போல நிற்பதைப் பார்க்கவா? வெயில் வேறு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வெள்ளவத்தை!" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வந்துவிட்டது.

அக்கா திரும்பினார். "ஆர் அது?"

"நான்தான்."

"உனக்கு இந்த விளையாட்டில என்ன தெரியும்?"

"அந்த ஒரு சொல்லுதான் தெரியும். நீங்கதான் ஓயாம சொல்லிக் குடுத்தீங்க."

ரபீக்காவுக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவரும் கத்தினார். பக்கத்து ஆட்டத்திலிருந்து டொக்டர் ஐயா கத்தினார். இரண்டு பக்கமும் நின்றவர்கள் எல்லாரும் "வெள்ளவத்தை, வெள்ளவத்தை" என்று பஸ் கண்டக்டர்களைப் போலக் கூவினார்கள். கிளறன்ஸ் மட்டும் அக்காவின் தடியைப் பார்த்தபடி கொஞ்சம் தள்ளி நின்று, "டிக்கெட் எடுங்கோ மேபல்" என்றார்.

"கிளறன்ஸ், அத எண்ணு" என்றார் மேபல் அக்கா. "பிழை எண்டா பிழை. எண்ணாம விட நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அடுத்த உருண்டையைக் கையில் எடுத்தார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், பெருவிரலால் வட்டத்தைத் தேடி, அதை உள்பக்கம் வைத்து, கவ்வியை அதன்மேல் அழுத்தினார். நேரம் எடுத்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, அவசரப்படுத்தியிருந்தால் தடியால் அடி விழுந்திருக்கும்.

வென்றார்களா என்று கேட்டால், இல்லை. நன்றாகவே தோற்றார்கள். அவருடைய கடைசி உருண்டை வெள்ளைக்கு ஒரு சாண் பக்கத்தில் போய் நின்றது; கிளறன்ஸ் அதை இடித்துத் தள்ளிவிட்டு மன்னிப்பும் கேட்கவில்லை. அதில் அக்காவுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் இரவு இடியப்பத்தையும் சொதியையும் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார். கோபமா, களைப்பா என்று நான் கேட்கவில்லை. மாத்திரையைச் சொல்லாமலே போட்டார். அதுவே பெரிய காரியம்.

மறுநாள் காலை என் பிளாஸ்டர் சுருளைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், நடையின் தொடக்கத்தில் உயரக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நான்கு உருண்டைகளிலும் சின்ன வட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தடி மடியில்.

"அது புண்ணுக்கு ஒட்டுறது அக்கா."

"புண்ணுக்குத்தான் ஒட்டியிருக்கிறன். கட்டிலுக்குக் கீழ போகாம அந்த வாசல்ல ஒரு தலையணை வை. வைச்சிட்டு, கண் டொக்டரச் சனல் பண்ணு."

தலையணையை வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, கண் டொக்டரைப் பார்க்க நாள் கேட்டேன். செவ்வாய்க்கிழமைக்கு இடம் இருந்தது. போனில் பேசிய பிள்ளை நோயாளியின் பெயரைக் கேட்டாள், சொன்னேன். வயதைக் கேட்டாள், சொன்னேன். எந்த இடம் என்று கேட்டாள்.

"வெள்ளவத்தை" என்றேன்.

"எத்தின தரமடி சொல்லுவாய்!" என்றார் நடையிலிருந்து மேபல் அக்கா. கவ்வி விடுகிற சத்தம் கேட்டது. உருண்டை தரை ஓடுகளின்மேல் உருண்டு போய், தலையணையில் மொத்தென்று முட்டியது.